கால்களுக்காக வளைந்த கொக்கி

அரிசோனாவின் வறண்ட ஓடைக்கரைகளில் குளிர்காலத்தில் நடந்தால், மணலில் கருப்பாக ஒரு நெற்று கிடப்பதைப் பார்க்கலாம். உடல் ஒரு விரல் நீளம்தான், தொட்டால் சொரசொரப்பு. அதன் ஒரு முனையிலிருந்து இரண்டு கொக்கிகள் கிளம்பி, வில்லாக வளைந்து, ஊசிக் கூர்மையில் முடிகின்றன. கொக்கியின் நீளம் நெற்றைவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு. கொஞ்சம் கவனம் தப்பிக் கால் வைத்தால், ஒரு கொக்கி செருப்புக்கு அடியில் போக, மற்றது கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இதை டெவில்ஸ் கிளா என்கிறார்கள். தாவரவியல் பெயர் புரோபோசிடியா பார்விஃப்ளோரா, குடும்பம் மார்ட்டினியேசி. அமெரிக்காவின் தென்மேற்கும் மெக்சிகோவின் வடக்கும் இதன் சொந்த நிலம். இந்தக் கட்டுரையில் வசதிக்காகக் கொக்கிச்செடி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு காய்க்கு எதற்கு இவ்வளவு பெரிய கொக்கி? இதற்குப் பதில் தேடினால் மழை, விலங்கு, அப்புறம் கூடை முடையும் பெண்கள் என்று மூன்று இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

சில மாத வாழ்க்கை

இந்தச் செடி வாழும் சோனோரா பாலைவனத்துக்கு மழை இரண்டு பருவமாக வருகிறது. குளிர்காலத்தில் மெதுவான மழை. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கொட்டித் தீர்க்கும் கோடை மழை. கொக்கிச்செடி கோடை மழையை நம்பி வாழ்வது. மண் சூடாக இருக்கும்போது நல்ல மழை ஒன்று பெய்தால் முளைக்கும். பிறகு தரையோடு படர்ந்து வேகமாக வளர்ந்து, பூத்து, காய்த்து, குளிர் வந்ததும் செத்துப்போகும்.

பாலைவனச் செடி என்றால் நமக்குக் கள்ளிதான் நினைவுக்கு வரும். முள், தடித்த தோல், உள்ளே சேமித்த நீர். கொக்கிச்செடியிடம் இதில் எதுவும் இல்லை. இலைகள் அகலமாக, மென்மையாக, ஈரமான தோட்டத்தில் வளர்ந்தவை போல இருக்கும். வறட்சியைத் தாங்கி நிற்க இது முயல்வதே இல்லை. வறண்ட மாதங்களை விதையாகவே கழித்துவிடுகிறது. பாலைவனத்தின் ஓராண்டுச் செடிகள் பலவற்றுக்கும் இதுதான் வழி. செடி சில மாதம் வாழ்ந்தால் போதும், விதை மட்டும் அடுத்த நல்ல மழை வரை, தேவைப்பட்டால் பல ஆண்டுகள், மண்ணில் உயிரோடு கிடக்க வேண்டும்.

அப்படியானால் இந்தச் செடியின் வேலையெல்லாம் விதையைச் சுற்றித்தான். விதை நல்ல இடத்தில் விழ வேண்டும், சரியான நேரத்தில் முளைக்க வேண்டும். முதல் வேலையைக் கொக்கி பார்த்துக்கொள்கிறது, இரண்டாவதை விதையின் தோல் பார்த்துக்கொள்கிறது.

கொக்கிக்குப் போகும் முன் ஒட்டும் தன்மையைப் பற்றி இரண்டு வார்த்தை. செடி முழுவதும் நுண்ணிய சுரப்பி மயிர்கள் உண்டு. தொட்டால் பிசுபிசுக்கும், வாடையும் அவ்வளவு நன்றாக இருக்காது. காற்றில் வரும் மணலும் சிறு பூச்சிகளும் இலைகளில் ஒட்டிக்கொள்ளும். பூச்சிகள் இப்படிச் சாவதைப் பார்த்து, இது பூச்சி தின்னும் செடியோ என்ற சந்தேகம் ஒரு காலத்தில் எழுந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த தென்னமெரிக்கச் செடியான இபிசெல்லா லூட்டியாவை ஆராய்ந்து, 1916-இல் இத்தாலியத் தாவரவியலாளர் ஈவா மாமேலி அப்படித்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது இலைகளில் செரிமான நொதி எதுவும் கிடைக்கவில்லை. பூச்சி மாட்டுவது உண்மை, செடி அதைத் தின்பதற்குத்தான் சான்று இல்லை.

பூவிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. குழல் வடிவப் பூ, வெளிர் இளஞ்சிவப்பு, உள்ளே தேனை நோக்கிப் போகும் மஞ்சள் கோடு. உள்ளே நுழையும் வண்டோ தேனீயோ முதலில் சூலகமுடியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனியில், உரசும். அது இரண்டு மடலாகப் பிரிந்திருக்கும். உரசியதும் மடல்கள் கண்ணுக்குத் தெரியும்படி மூடிக்கொள்ளும். வந்த தேனீ கொண்டுவந்த மகரந்தம் உள்ளே அகப்பட்டுவிடும். அது இந்தப் பூவின் மகரந்தத்தோடு திரும்பி வரும்போது கதவு சாத்தியிருக்கும். மஞ்சள் பூ பூக்கும் இன்னொரு இனமான புரோபோசிடியா அல்தியீஃபோலியாவை நாடி பெர்டிடா ஹர்டி என்ற சின்னத் தேனீ வருகிறது. பூ மலரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், மொட்டின் இதழை வெட்டித் திறந்து உள்ளே போய்விடும்.

கொக்கி எப்படி உருவாகிறது

பிஞ்சாக இருக்கும்போது காய் பச்சையாக, மேலே மென்மயிரோடு, பருத்து வளைந்த வெண்டைக்காய் போல இருக்கும். நுனி மட்டும் ஒரே மூக்காக நீண்டு வளைந்திருக்கும். இந்தக் கட்டத்தில் கொக்கி இரண்டாகப் பிரிந்திருக்காது, கூர்மையும் கிடையாது. விரலால் ஒடித்துவிடலாம். இந்தப் பருவத்தில் சமைத்தும் சாப்பிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தோட்டங்களில் இதன் நெருங்கிய உறவான புரோபோசிடியா லூசியானிகாவை ஊறுகாய்க்காகவே வளர்த்தவர்கள் உண்டு.

காய் முற்ற முற்ற உள்ளே வேறொன்று நடக்கிறது. காயின் சுவர் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. வெளியே சதைப்பற்றுள்ள பச்சைத் தோல், உள்ளே கெட்டியான மரத்தன்மையுள்ள கூடு. மாம்பழத்தில் சதைக்கு உள்ளே இருக்கும் கொட்டையின் ஓடும் இதே உள்ளடுக்கிலிருந்து வருவதுதான், தாவரவியலில் அதற்கு உட்கனியுறை என்று பெயர். கொக்கிச்செடியில் இந்த உள்ளடுக்கு விதையை மூடுவதோடு நிற்காமல் மூக்கின் நுனிவரை நீள்கிறது. நீளவாக்கில் ஓடும் உறுதியான நார்கள் அதற்கு வலு தருகின்றன.

செடி சாகத் தொடங்கும்போது பச்சைத் தோல் கருத்து, சுருங்கி, உரிந்து விழுகிறது. கீழே கருப்புக் கூடு தெரிகிறது. காய், சூலகத்தின் இரண்டு பகுதிகளான சூலிலைகள் சேர்ந்து உண்டானது. காயும்போது இழுபட்டு அந்த இணைப்பு நுனியிலிருந்து பிளக்க ஆரம்பிக்கிறது. ஒற்றை மூக்கு நடுக்கோட்டில் விலகி இரண்டு கொக்கிகள் ஆகிறது. பிளவு உடல்வரை இறங்கும், ஆனால் முழுதாகப் பிளந்துவிடாது. நெற்றின் வாய் கொஞ்சமாகத் திறந்து நிற்கும்.

இந்தக் ‘கொஞ்சமாக’ என்பதில்தான் காயின் பாதிப் பயன் இருக்கிறது. முழுதாகத் திறந்திருந்தால் எல்லா விதையும் தாய்ச்செடியின் காலடியிலேயே கொட்டிவிடும். திறக்காமலே இருந்தால் விதை வெளியே வராது. இப்போது இருப்பதுபோல் இருந்தால், நடுவில் உள்ள சில விதைகள் முதலில் விழும். ஓரத்து அறைகளில் சிக்கியவை ஆட்ட ஆட்டத்தான் ஒவ்வொன்றாக வெளியேறும். சரி, யார் ஆட்டுவது?

காலைப் பிடித்துப் போகும் விதை

விதை பரவும் வழிகளில் மூன்றைப் பள்ளியிலேயே படித்திருப்போம். காற்றில் பறப்பது, பழத்தோடு விலங்கின் வயிற்றுக்குள் போய் வருவது, விலங்கின் உடம்பில் ஒட்டிக்கொண்டு போவது. கொக்கிச்செடி மூன்றாவது வகை. ஆனால் ஒட்டும் விதைகளில் பெரும்பாலானவை சின்னவை. நூற்றுக்கணக்கான நுண்கொக்கிகளால் உரோமத்திலோ துணியிலோ பற்றிக்கொள்பவை. கொக்கிச்செடியின் நெற்று அந்த வேலைக்குப் பெரிது, கனமானது, உரோமத்தில் தொங்கினால் சீக்கிரம் கவனத்துக்கு வந்துவிடும். அது குறிவைப்பது காலை.

செடி தரையோடு படர்வது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செடி காய்ந்ததும் நெற்று மண்ணிலேயே கிடக்கும், கொக்கிகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். பெரிய விலங்கு ஒன்று ஒரு கொக்கியையோ உடலையோ மிதிக்கிறது. நெற்று புரண்டு எழும்புகிறது, எழும்பும் கொக்கி குளம்புக்கு மேலே கணுவைச் சுற்றிக்கொள்கிறது. கொக்கிகளுக்கு வளைந்துகொடுக்கும் தன்மை இருப்பதால் உடையாமல் இறுகிப் பிடிக்கும். விலங்கு உதறும். உதற உதற, பாதி திறந்த வாயிலிருந்து விதை சிந்தும். அது அடுத்த அடியில் மண்ணுக்குள் மிதிபடவும் கூடும். இரண்டு வேலை ஒரே நடையில் முடிந்துவிடுகிறது, விதை தொலைவுக்கும் போகிறது, மண்ணிலும் பதிகிறது.

விலங்குகளுக்கு இது சந்தோஷமான ஏற்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூர்நுனி தோலில் குத்தும். கம்பளி ஆடுகளின் உரோமத்தில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. புரோபோசிடியா லூசியானிகா ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே ஆடு வளர்ப்பவர்கள் வெறுக்கும் களையாகிவிட்டது.

இவ்வளவு பெரிய கொக்கி யாருடைய காலுக்காக உருவானது என்பது சுவையான கேள்வி. இன்று மாடும் குதிரையும் இந்த நெற்றைச் சுமந்து திரிகின்றன. ஆனால் இவை ஸ்பானியர்களோடு கடல் கடந்து வந்தவை. சில நூற்றாண்டுகள் முன்பு வரை அந்தப் பாலைவனத்தில் இருந்த பெரிய விலங்குகள் மான், மானைப் போன்ற பிராங்ஹார்ன் முதலிய சிலதான். அதற்கும் முன்னால், ஏறக்குறைய 11,700 ஆண்டுகளுக்கு முன்பு முடிந்த பனியூழிக் காலத்தில், வட அமெரிக்காவில் காட்டுக் குதிரைகளும் ஒட்டக இனங்களும் தரைவாழ் ராட்சத ஸ்லாத்துகளும் மாமத் யானைகளும் நடமாடின. எல்லாம் அழிந்துவிட்டன. கொக்கிச்செடியின் காய் அந்தக் கால்களுக்கு ஏற்ப உருவானது, கால்கள் போன பிறகும் கொக்கி தங்கிவிட்டது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நேரடியாக நிரூபிக்க முடியாத கருத்து இது. ஆனாலும் ஒரு மான் காலுக்கு இந்தக் கொக்கி தேவைக்கு அதிகமாகவே தெரிகிறது என்பதால் எனக்கு இது நம்பும்படியாக இருக்கிறது.

மண்ணில் விழுந்த விதை உடனே முளைப்பதில்லை. காட்டுச்செடியின் விதை கருப்பு, மேல்தோல் தடிப்பு. அந்தத் தோல் இருக்கும் வரை முளைப்பு தாமதமாகும். ஒரே ஆண்டு விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்த மழை வராமல் போனால் பூண்டோடு அழிய வேண்டியதுதான். சில இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு, மீதி எப்போதோ என்று பிரிந்து முளைத்தால் ஏதோ ஒரு கூட்டம் தப்பிக்கும். இதை விதை உறக்கம் என்பார்கள். அடுத்து வரும் கதைக்கு இது தேவைப்படும்.

கூடைக்குள் போன கொக்கி

அரிசோனாவின் டூசான் நகருக்கு மேற்கே டோஹோனோ ஓதாம் என்ற பழங்குடி மக்களின் நிலம் இருக்கிறது. 1986 வரை அரசுப் பதிவுகளில் பாபாகோ என்று குறிக்கப்பட்டவர்கள், அந்த ஆண்டு தங்கள் சொந்தப் பெயரையே அதிகாரபூர்வப் பெயராக ஆக்கிக்கொண்டார்கள். அமெரிக்க-மெக்சிகோ எல்லைக்கோடு அவர்களுடைய பூர்விக நிலத்தின் குறுக்கே ஓடுகிறது. அவர்களின் உறவினரான அக்கிமெல் ஓதாம் மக்கள் கிலா ஆற்றங்கரையில் வாழ்பவர்கள். இருவர் மொழியிலும் இந்தச் செடிக்கு இஹுக் என்று பெயர். இரு மக்களும் கூடை முடைவதில் புகழ்பெற்றவர்கள். அந்தக் கூடைகளில் வெளிர் நிறப் பின்னணியில் தெரியும் கருப்பு வடிவங்கள் எல்லாம் இந்தக் கொக்கியிலிருந்து உரித்த நார்.

செய்முறை இப்படி. இலையுதிர் காலத்தில் நெற்றுகளைச் சேகரித்து வைத்துக்கொள்வார்கள். முடையும் நேரம் வரும்போது கொக்கிகளை நீரில் ஊறவைப்பார்கள். நன்றாக ஊறிய பிறகு நுனியில் கீறி, வெளிப்புறக் கருப்புத் தோலை நீள நாராக இழுத்து உரிப்பார்கள். பிறகு கத்தியால் சுரண்டி அகலத்தையும் தடிமனையும் சீராக்க வேண்டும். ஒரு கொக்கியில் கிடைப்பது சில நார்கள்தான். பெரிய கூடை ஒன்றுக்குக் குவியலாக நெற்று வேண்டும்.

கூடை சுருள் முறையில் எழும்புகிறது. நடுவில் ஒரு கட்டு, அதைச் சுற்றி வட்டமாகப் போகும் புல் அல்லது தண்டு. ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு நாரால் தைத்துக்கொண்டே போக வேண்டும். டோஹோனோ ஓதாம் கூடைகளில் உள்ளே இருக்கும் புல் பேர்கிராஸ், வெளியே வெண்ணிறம் யூக்கா என்ற பாலைவனச் செடியின் இலை. கருப்பு வேண்டிய இடத்தில் கொக்கி நார். சாயம் போட்ட கருப்பு இல்லை என்பதால் வெளுப்பதும் இல்லை. உறுதியும் அதிகம், அதனால் சீக்கிரம் தேயும் இடங்களான அடிமையத்துக்கும் விளிம்புக்கும் அக்கிமெல் ஓதாம் பெண்கள் இதையே பயன்படுத்தினார்கள். கூடையின் பிற பகுதி தேய்ந்த பிறகும் கருப்பு உறுதியாக இருக்கும் பழைய கூடைகள் அருங்காட்சியகங்களில் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கூடைகளின் வாழ்க்கை மாறியது. கிலா ஆற்று நீரை மேல்பகுதியில் குடியேறிகள் திருப்பிவிட, அக்கிமெல் ஓதாம் மக்களின் வயல்கள் வறண்டன. 1880-இல் ரயில் பாதை டூசானை எட்டியது. ரயிலில் வந்த பயணிகளும் சேகரிப்பாளர்களும் கூடை வாங்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காக முடைந்த கூடை விற்பனைப் பொருளானது, கருப்பு நாரின் தேவை ஏறியது. காட்டில் பொறுக்கியது போதாமல், பெண்கள் கொக்கிச்செடியை வயலிலும் வீட்டுப் பக்கத்திலும் விதைத்தார்கள்.

விதைக்க எந்த நெற்றை எடுப்பார்கள்? நீளமான கொக்கி உள்ளதை, நார் உடையாமல் உரியும் கொக்கியை. ஆண்டுதோறும் அப்படியே எடுத்து விதைத்தால் தலைமுறைகளில் செடியே மாறும். அப்படித்தான் மாறியது. பயிராக்கப்பட்ட வகையில் கொக்கி 30 சென்டிமீட்டர் வரையும் அதற்கு மேலும் நீளும், நார் எளிதாக உரியும். விதையும் கருப்பாக இல்லாமல் வெள்ளையாகிவிட்டது. வெள்ளை விதை உறங்குவதும் குறைவு, விதைத்தால் விரைவாக முளைக்கும். மனிதர் ஒரே நாளில் விதைத்து, முதலில் முளைத்தவற்றைப் பேணி, அவற்றிலிருந்தே அடுத்த ஆண்டு விதை எடுக்கும்போது, தாமதமாக முளைப்பவை கழிந்துகொண்டே போகும். நெல், கோதுமை, எள் எல்லாவற்றிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது.

தாவரவியலாளர்கள் இந்த வகைக்கு ஹோஹோகாமியானா என்று பெயரிட்டார்கள். அந்த நிலத்தில் முன்பு வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்த ஹோஹோகாம் மக்களை நினைத்து வைத்த பெயர். ஆனால் வெள்ளை விதைவகை அவ்வளவு பழையதல்ல, கூடை வியாபாரம் சூடுபிடித்த காலத்தை ஒட்டி உருவாகியிருக்கலாம் என்பது 1980-களில் இதைப் பற்றி ஆராய்ந்தவர்களின் கருத்து. செடிகளைப் பயிராக்கியது என்றாலே நமக்குச் சோறுதான் தோன்றும், அதுவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததாகத்தான் தோன்றும். இங்கே ஒரு காட்டுச்செடி, கைவினைக்காக, அண்மைக் காலத்தில், பெண்களின் தேர்வால் பயிராகியிருக்கிறது. விலங்கின் காலுக்காக வளைந்த கொக்கியை நீட்டியது மனிதக் கை.

விதையைத் தின்றதும் உண்டு. மேல்தோலை உரித்தால் உள்ளே எண்ணெய்ப் பசையுள்ள பருப்பு. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான். இதை எண்ணெய்ப் பயிராக வளர்க்கலாமா என்று இருபதாம் நூற்றாண்டில் யோசித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. செடி ஒட்டும், நாறும், கொக்கி குத்தும். இயந்திரத்தால் அறுவடை செய்வதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

பெயர்க் குழப்பம்

இணையத்தில் டெவில்ஸ் கிளா என்று தேடினால் மூட்டுவலி மாத்திரைகள்தான் முதலில் வரும். அது வேறு செடி. ஹார்பகோஃபைட்டம் புரோகம்பென்ஸ் என்பது ஆப்பிரிக்காவின் கலஹாரி பகுதிக்காரர். நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா நாடுகளில் வளர்வது, எள்ளின் குடும்பமான பெடாலியேசியைச் சேர்ந்தது. அதன் காயில் இரண்டு நீண்ட கொக்கிகள் இருக்காது. பல கைகள் நாலாபக்கமும் நீண்டு, ஒவ்வொன்றிலும் திரும்பிய முட்கள் இருக்கும். மருந்துக்கு எடுப்பது காயை அல்ல, மண்ணுக்கு அடியில் உள்ள கிழங்கை. அமெரிக்கச் செடியின் நெற்றை மருந்தென்று வாங்கி ஏமாற வேண்டாம்.

இரண்டு குடும்பங்களும் உறவுதான். மார்ட்டினியேசியையும் பெடாலியேசிக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்த காலம் உண்டு. ஆனால் கொக்கி, இரு கண்டங்களில், காயின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து தனித்தனியே உருவாகியிருக்கிறது. மெக்சிகோவைச் சேர்ந்த இன்னொரு உறவுக்காரச் செடியான மார்ட்டினியா ஆனுவா இந்தியாவின் தரிசு நிலங்களிலும் பரவிவிட்டது. புலிநகம் என்று சொல்லப்படும் அதன் நெற்று சிறியது, கொக்கிகள் குட்டை.

வளர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு

வெப்பமும் வெயிலும் இருந்தால் வளர்ப்பது கடினமில்லை. காட்டு வகையின் கருப்பு விதை என்றால் நீரில் ஊறவைத்து, வெளித்தோலைக் கவனமாக நீக்கிவிட்டு விதைத்தால் முளைப்பு விரையும். மண் சூடாகும் முன் விதைத்துப் பயனில்லை. படர இடம் விட வேண்டும், ஒரு செடியே ஒரு மீட்டருக்கு மேல் பரவும். டூசானில் 1983-இல் தொடங்கப்பட்ட நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்ற விதைக் காப்பு அமைப்பு, ஓதாம் மக்கள் பேணிவந்த வெள்ளை விதை வகைகளையும் பாதுகாத்து வருகிறது.

ஆடு மாடு மேயும் நிலத்துக்குப் பக்கத்திலும், இந்தச் செடி களையாகப் பட்டியலிடப்பட்ட நாடுகளிலும் விதைக்காமல் இருப்பதுதான் முறை. மற்ற இடங்களில், காயின் பச்சைத் தோல் வெடிக்கத் தொடங்கியதுமே பறித்து நிழலில் உலர்த்திவிடுங்கள். விதை ஒன்றும் சிந்தாது. கொக்கி விரிந்த பிறகு நெற்றைக் கையாளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், செருப்பில்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.